எழுப்புதலுக்கான ஜெபமும் மதச்சார்பற்ற சமூகமும்: நோர்வே பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

உலகின் செல்வம் மிக்க நாடுகளுள் ஒன்றாகவும், மத அனுட்டானம் மிகக் குன்றிய நாடுகளுள் ஒன்றாகவும் நோர்வே கருதப்படுகின்றது. அந்நாட்டிலே, தம் தேசம் மீண்டும் கிறிஸ்துவிடம் திரும்ப வேண்டுமென்று கூடி ஜெபிக்கும் குழுக்கள் இன்றும் உள்ளன. இளைஞருக்காகவும் பாடசாலைகளுக்காகவும், பாராளுமன்ற உறுப்பினருக்காகவும், நகரங்களிற் குடியேறிய பிறநாட்டவருக்காகவும் அவை வேண்டுதல் செய்கின்றன. 'எழுப்புதல்' என்பது அவ்வேண்டுதலின் மையச் சொல். உறங்கும் சபையும் உறங்கும் நாடும் விழித்தெழ வேண்டும் என்பது அதன் பொருள்.

இந்நிகழ்வுக்கு இரு வகையான விளக்கங்கள் எளிதிற் கிடைக்கின்றன. செல்வம் பெருகியதால் மக்கள் கடவுளை மறந்தனர் என்பது விசுவாசிகளின் விளக்கம். செல்வமும் கல்வியும் பெருகியதால் மதம் உதிர்ந்தது. எஞ்சியிருப்பது பழைமையின் எச்சம் என்பது முற்போக்காளர் பலரின் விளக்கம். இவை ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும் ஒரே எடுகோளின் மீது நிற்பவை. வயிறு நிறைந்தால் ஜெபம் ஓய்ந்துவிடும் என்பதே அந்த எடுகோள். இது பொருள்முதல்வாதம் போலத் தோன்றும் இயந்திரப் பாங்கான சிந்தனையே அன்றி, வரலாற்றுப் பொருள்முதல்வாதம் அன்று.

1844 இல் வெளிவந்த, ஹெகலின் உரிமைத் தத்துவம் பற்றிய விமரிசனத்துக்கான முன்னுரையில், மதம் துயரின் வெளிப்பாடாக இருக்கும் அதே வேளையில் அத்துயருக்கு எதிரான கண்டனமாகவும் உள்ளதென மார்க்ஸ் வாதிட்டார். அவ்வாதத்தின் பிற்பாதியை மறந்து 'அபின்' என்ற ஒரு சொல்லை மாத்திரம் நினைவில் வைத்திருப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஜெபத்தைச் சமூக வடிவமாக நோக்கும்போது நாம் எழுப்ப வேண்டிய வினாக்கள் சில உள. ஜெபிப்பவர் யார்? எவ்விடத்தில், எவருடைய அனுமதியுடன், எதற்கெதிராக ஜெபிக்கின்றனர்? இவ்வினாக்களை நோர்வேயின் கடந்த இருநூற்றாண்டு வரலாற்றின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

1814 வரை நோர்வே, டென்மார்க் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. லூதரன் திருச்சபை அவ்வாட்சியின் ஓர் உறுப்பு. குருமார் அரச உத்தியோகத்தர். அரசாணைகளைக் கிராமத்தவருக்கு அறிவிப்போரும் அவர்களே. 1736 இல் திடப்படுத்தற் சடங்கு எல்லோருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு வேண்டிய மறைக்கல்வியின் பொருட்டு 1739 இல் கிராமப் பாடசாலைகளுக்கான கட்டளை பிறந்தது. இவ்வாறு குடியானவர் வாசிக்கக் கற்றனர். ஆனால் 1741 இல் வெளியான மற்றொரு கட்டளை, குருவின் மேற்பார்வையின்றிப் பொதுமக்கள் மதக் கூட்டங்கள் நடத்துவதைத் தடுத்தது. வாசிக்கக் கற்பித்த அரசே, வாசித்தவற்றை மக்கள் தாமாகக் கூடிப் பேசுவதைக் கண்டு அஞ்சியது.

இம்முரண்பாட்டின் நடுவே தோன்றியவர் ஹான்ஸ் நீல்சன் ஹௌகே (1771–1824). தென்கிழக்கு நோர்வேயின் குடியானவர் ஒருவரின் மகனான அவர், 1796 ஏப்ரல் 5ஆந் திகதி வயலில் உழுதுகொண்டிருந்த வேளை ஆன்மிக அனுபவம் ஒன்றைப் பெற்றதாகக் கூறினார். அதன்பின் நாடெங்கும் நடந்தே சென்று வீடுகளிலும் களஞ்சியங்களிலும் கூட்டங்கள் நடத்தினார். முப்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். அவர் சென்ற இடங்களிலெல்லாம் பிரசங்கத்தோடு தொழிலும் பரவிற்று. காகித ஆலை, அச்சகம், வணிகம், கப்பற் போக்குவரத்து என ஹௌகேயினர் தொடங்கிய முயற்சிகள் பல. புரொட்டஸ்தாந்து ஒழுக்கத்துக்கும் முதலாளித்துவ உணர்வுக்குமுள்ள உறவைப் பற்றி வேபர் கூறியவற்றுக்குத் தக்க எடுத்துக்காட்டாக ஆய்வாளர் இவர்களைக் காட்டுவதுண்டு. ஆயின் வணிக உரிமை நகரத்தவரின் தனியுரிமையாகவும், போதிக்கும் உரிமை உத்தியோகத்தரின் தனியுரிமையாகவும் இருந்த சமூகத்தில், குடியானவன் ஒருவன் வணிகம் செய்வதும் ஜெபக்கூட்டம் நடத்துவதும் ஒரே மீறலின் இரு முகங்கள் என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

அரசு அதனை நன்குணர்ந்திருந்தது. 1804 இல் ஹௌகே சிறைப்படுத்தப்பட்டார். விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆங்கிலேயரின் கடற்றடையால் நாட்டில் உப்புத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, உப்புக் காய்ச்சும் ஆலைகளை நிறுவுவதற்காக 1809 இல் அவர் தற்காலிகமாக விடுவிக்கப்பட்டமை அக்கால அரசின் இயல்பைக் காட்டப் போதுமானது. அவருடைய ஜெபம் குற்றம். அவருடைய தொழிலறிவு தேவை. 1814 இல் அவருக்குத் தண்டப்பணம் இறுதியாக விதிக்கப்பட்டபோது அவர் உடல்நலம் குன்றியவராகியிருந்தார். அதே ஆண்டு அரசியல் யாப்பை வகுத்த எய்ட்ஸ்வொல் சபையில் அவரைப் பின்பற்றியோர் சிலரும் அமர்ந்திருந்தனர். பின்னர் பாராளுமன்றத்திற் குடியானவர் அணி ஒன்று வலுப்பெற்றது. 1837 இன் உள்ளூராட்சிச் சட்டங்களும், 1842 இல் கூட்டத் தடைச் சட்டம் நீக்கப்பட்டமையும் இவ்வணியின் எழுச்சியோடு தொடர்புடையவை. நோர்வேயிற் பொதுமக்களின் கூடும் உரிமைக்கான போராட்டத்திலே ஜெபக்கூட்டத்துக்கான உரிமைக்கும் முதன்மையான இடமுண்டு.

3

வடக்கே நிகழ்ந்தது இதனினும் கூர்மையானது. கலைமான் மேய்க்கும் சாமி எனும் ஆதிக்குடியினர் வாழும் பகுதி அது. இவ்விடத்தில் நமக்கு நேரடித் தொடர்புடைய செய்தி ஒன்றைக் குறிப்பிடல் தகும். டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்டு 1706 இல் தரங்கம்பாடியை அடைந்த சீகன்பால்குவின் பணியை மேற்பார்வை செய்யும் பொருட்டு, 1714 இல் கொப்பன்ஹேகனில் மிஷன் கல்லூரி எனும் அரச சபை நிறுவப்பட்டது. சாமியர் மத்தியில் தோமஸ் வொன் வெஸ்டன் 1716 முதல் நடத்திய பணியும் அச்சபையின் பொறுப்பிலேயே இருந்தது. அதாவது காவிரிக் கரையோரத் தமிழரும் வடதுருவத்தை அண்டிய சாமியரும் ஒரே அலுவலகத்தின் பார்வையில் 'திருத்தப்பட வேண்டிய' மக்களாயினர்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாமி மரபினரான லார்ஸ் லெவி லெஸ்டாடியஸ் (1800–1861) எனும் சுவீடன் நாட்டுக் குரு தொடக்கிய எழுப்புதல், மேலிருந்து வந்த அந்த மிஷனிலிருந்து வேறுபட்டது. மதுவிற்கும் வணிகரிடம் சாமியர் கடனாளிகளாகிக் கொண்டிருந்தனர். எனவே மதுவிலக்கு அவ்வெழுப்புதலின் உயிர்நாடியாயிற்று. 1852 இல் நோர்வேக்கும் ரஷ்யப் பேரரசுக்குட்பட்ட பின்லாந்துக்கும் இடையிலான எல்லை மூடப்பட்டு, தலைமுறை தலைமுறையாகக் கலைமான்களை ஓட்டிச்சென்ற மேய்ச்சல் வழிகள் அறுபட்டன. அவ்வாண்டு நவம்பர் 8ஆந் திகதி, கௌத்தொகெய்னோவில் எழுப்புதலின் தீவிரப் பிரிவினராகிய சாமியர் சிலர் கிளர்ந்தெழுந்து, மது விற்ற வணிகரையும் உள்ளூர் அரச அதிகாரியையும் கொன்றனர். குருவைக் கசையால் அடித்தனர். லெஸ்டாடியஸ் இச்செயலை ஏற்கவில்லை. ஆனால் தாக்கப்பட்ட மூவரும் வணிக மூலதனம், அரசு, அரச திருச்சபை எனும் மூன்று அதிகாரங்களின் பிரதிநிதிகள் என்பது தற்செயலன்று. 1854 இல் இருவர் சிரச்சேதம் செய்யப்பட்டனர். அவர்களின் மண்டையோடுகள் ஆய்வுப் பொருள்களாகக் கொண்டுசெல்லப்பட்டன; 1997 இலேயே அவை உரிய மண்ணில் அடக்கம் செய்யப்பட்டன.

அரசியல் தோல்விக்குப் பின் மக்கள் மத உணர்ச்சியில் அடைக்கலம் தேடுகின்றனர் என்பது ஆங்கிலத் தொழிலாளரிடையே மெதடிசம் பரவியமை பற்றி ஈ. பி. தொம்சன் 1963 இல் முன்வைத்த கருத்து. நோர்வேயில் இவ்வொழுங்கு தலைகீழாகக் காணப்படுகின்றது. இங்கு எழுப்புதல் தோல்வியின் பின்விளைவாக அமையாது, அரசியற் பிரக்ஞையின் முன்வடிவமாக அமைந்தது. 1848 இல் மார்கஸ் த்ரானே தொழிலாளர் சங்கங்களை அமைக்கத் தொடங்கியபோது, சாதாரண மக்கள் தாமே கூடித் தாமே பேசலாம் என்ற வழக்கம் கிராமங்களில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

4

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இவ்வழக்கம் கட்டட வடிவம் பெற்றது. குறிப்பாகத் தெற்கு, மேற்குக் கரையோரங்களில் மக்கள் தம் உழைப்பாலும் நன்கொடையாலும் ஜெப வீடுகளைக் கட்டினர். அலங்காரமற்ற மண்டபம், பிரசங்க மேடை, வாங்குகள், கோப்பி தயாரிக்க ஒரு சமையலறை. இவ்வளவே அதன் அமைப்பு. அரச தேவாலயம் கோபுரத்துடன் நிற்க, சற்றுத் தள்ளி இவ்வெளிய வீடு நின்றது. அங்கே மீனவரும் சிறு விவசாயியும் பேசினர், கணக்கு எழுதினர், தலைவரைத் தெரிவு செய்தனர். மிஷன் சங்கங்களுக்காகப் பின்னல் வேலை செய்து பணம் திரட்டிய பெண்கள், 1842 இல் ஸ்ரவாங்கர் நகரில் நிறுவப்பட்ட நோர்வே மிஷன் சங்கத்தில் 1904 இல் வாக்குரிமை பெற்றனர். நாட்டின் பொதுத் தேர்தலில் பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிட்டியது 1913 இலேயே.

அரசியல் ஆய்வாளரான ஸ்ரைன் ரொக்கன், தலைநகரின் மேலாண்மைக்கு எதிராக மேற்கிலும் தெற்கிலும் எழுந்த எதிர்ப்பண்பாட்டின் மூன்று தூண்களாக ஜெப வீட்டையும் மதுவிலக்கையும் கிராமிய வழக்குகளினின்று உருவாக்கப்பட்ட எழுத்துமொழியையும் இனங்கண்டார். இவ்வெதிர்ப்பண்பாட்டின் நீண்ட ஆயுள் 1972 இலும் 1994 இலும் தெளிவாயிற்று. ஐரோப்பியக் கூட்டமைப்பில் இணைவதற்கு எதிராக இரு பொதுசன வாக்கெடுப்புகளிலும் பெரும்பான்மையோர் வாக்களித்தபோது, ஜெப வீட்டாரும் இடதுசாரிகளும் ஒரே பக்கம் நின்றனர்.

எனினும் இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக ஆக்குதல் ஆய்வாகாது. அதன் மறுபக்கத்தை நோர்வேயின் யதார்த்த இலக்கியம் அக்காலத்திலேயே பதிவு செய்தது. அலெக்ஸாண்டர் கியெல்லன்ட் 1882 இல் எழுதிய 'கப்பித்தான் வொர்ஸே' எனும் நாவல் ஸ்ரவாங்கரின் ஹௌகேயினரைச் சித்திரிப்பது. பக்தியும் மூலதனமும் ஒன்றையொன்று வளர்த்து, எளியோரின் இயக்கம் ஒன்று நகரின் ஆதிக்கமாக மாறும் விதத்தை அது காட்டுகின்றது. ஆர்னே கார்போர்க் 1892 இல் வெளியிட்ட 'சமாதானம்' எனும் நாவல், பாவ அச்சத்தால் அலைக்கழிந்து அழியும் விவசாயி ஒருவனின் கதை. கார்போர்க்கின் தந்தையே அத்தகைய மனவேதனையில் உயிர் மாய்த்துக்கொண்டவர். சந்தைப் பொருளாதாரம் கிராமத்துட் புகுந்து பழைய உறவுகளைக் குலைத்த காலத்தின் கலக்கம், தனிமனிதனின் பாவ உணர்வாக உருமாறுவதை அந்நாவலிற் காண்கிறோம். ஜெபம் மனிதனை நிமிரச் செய்த அதே ஜெப வீட்டில், அது அவனை நசுக்கவும் செய்தது. கடல் கடந்து சூலுலாந்துக்கும் மடகாஸ்காருக்கும் சென்ற மிஷன் பணி, காலனித்துவ உலகின் ஒழுங்கினுள்ளேயே இயங்கியது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

5

அவ்வாறாயின் மதச்சார்பின்மை எவ்வாறு வந்தது? செல்வத்தை மாத்திரம் காரணமாகக் காட்டுவது போதாது. ஸ்ரவாங்கர் நகரையே எடுத்துக்கொள்வோம். ஜெப வீடுகளின் கோட்டையாயிருந்த அந்நகரிலேதான், 1969 இல் வடகடலில் எண்ணெய் கண்டறியப்பட்ட பின்னர், 1972 இல் அரச எண்ணெய்க் கம்பனி நிறுவப்பட்டது. எண்ணெய் வந்ததும் அங்கு ஜெபம் அற்றுப்போய்விடவில்லை. அப்பகுதி இன்றும் நாட்டின் ஏனைய பகுதிகளை விட மதப்பற்று மிக்கதாகவே உள்ளது.

மாறியது ஜெப வீட்டின் சமூகப் பணி. நோயுற்றவரையும் விதவையையும் தாங்கும் கடமையை 1967 இன் தேசியக் காப்புறுதித் திட்டம் முழுமையாகப் பொறுப்பேற்றது. பேசவும் கணக்கெழுதவும் பயிற்றும் களமாகத் தொழிற்சங்கமும் கட்சியும் அமைந்தன. இளைஞர் கூடும் இடத்தைப் பாடசாலையும் விளையாட்டுக் கழகமும் அளித்தன. மீன்பிடிக் கிராமங்களிலிருந்து நகரங்களுக்கு மக்கள் பெயர்ந்தனர். ஜெப வீடு தோற்கடிக்கப்பட்டது என்பதிலும், அது முன்னர் ஆற்றிய பணிகளைப் பொது நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன என்பதே பொருந்தும். குருவின் இடையீடின்றி எவரும் தம் மனச்சாட்சிப்படி ஒழுகலாம் என்ற ஹௌகேயினரின் கோட்பாடு, காலப்போக்கில் எக்கூட்டத்துக்கும் போகாதிருக்கும் உரிமையையும் தன்னுள் கொண்டிருந்தது. இவ்வகையில் மதச்சார்பின்மையைப் பெற்றெடுத்த தாய்களுள் எழுப்புதலும் ஒருத்தி எனலாம்.

இம்மாற்றத்தின் நடுவே நின்ற முக்கியமானவர் ஓலே ஹலெஸ்பி (1879–1961). ஜெபம் பற்றி 1927 இல் அவர் எழுதிய நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. உதவியற்ற நிலையே ஜெபத்தின் ஊற்று என்பது அதன் சாரம். நாற்சி ஆக்கிரமிப்பை எதிர்த்த திருச்சபைத் தலைவர்களுள் ஒருவராகிய அவர் சிறைவாசமும் அனுபவித்தார். 1942 இல் நாற்சிச் சார்பு அரசின் தலையீட்டை எதிர்த்து ஆயர்களும், அவர்களைத் தொடர்ந்து குருமாரில் மிகப் பெரும்பான்மையோரும் தம் அரச பதவிகளைத் துறந்தமை அத்திருச்சபையின் பெருமைக்குரிய பக்கம். ஆனால் 1953 ஜனவரியில் அதே ஹலெஸ்பி, மனந்திரும்பாதோர் நரகம் புகுவர் என வானொலியில் எச்சரித்தபோது நாடே கொதித்தெழுந்தது. ஆயர் கிறிஸ்ரியன் ஷெல்டெரூப் அதனை வெளிப்படையாக மறுத்தார். சமூகக் காப்பை உரிமையாகப் பெறத் தொடங்கிய மக்களிடம், அச்சத்தின் மொழி இனிச் செல்லாது என்பதை அவ்விவாதம் காட்டியது.

சட்டம் பின்னரே தொடர்ந்தது. 1969 இன் சட்டம் பிற மதச் சமூகங்களுக்கும் அங்கத்தவர் தொகைக்கேற்ப அரச நிதி பெறும் உரிமையை அளித்தது; 1956 இல் நிறுவப்பட்ட மனிதநேயச் சங்கமும் பின்னர் இத்தகைய நிதியைப் பெறலாயிற்று. 2012 இல் அரசியல் யாப்பு திருத்தப்பட்டு, லூதரன் மதம் அரச மதமாயிருந்த நிலை முடிவுற்றது. 2017 ஜனவரி 1ஆந் திகதி முதல் திருச்சபை தனியான சட்ட ஆளுமை பெற்றது. 1960களில் 90 வீதத்துக்கு மேற்பட்ட மக்கள் திருச்சபையின் அங்கத்தவராயிருந்தனர். இன்று அது ஏறத்தாழ 60 வீதம். ஞாயிறு வழிபாட்டுக்கு ஒழுங்காகச் செல்வோர் அதனினும் மிகச் சிறிய தொகையினர்.

6

இப்பின்னணியில் இன்றைய எழுப்புதல் ஜெபத்தை மீண்டும் நோக்குவோம். ஹௌகேயினர் 'நாம்' என்று ஜெபித்தபோது அது அதிகாரமற்ற ஒரு வகுப்பினரின் குரல். அவர்களின் எதிர்முனையில் உத்தியோகத்தர் நின்றனர். இன்றைய ஜெபத்தின் 'நாம்' பெரும்பாலும் 'நம் நாடு' என்பதாகும். வகுப்பின் குரலாயிருந்தது தேசத்தின் பேரால் எழும் குரலாகிவிட்டது. இம்மாற்றத்திலேதான் இன்றைய அரசியல் ஆபத்தும் அடங்கியுள்ளது.

'கிறிஸ்தவ நாட்டை மீட்டெடுத்தல்' என்ற வேட்கை, விசுவாசம் சிறிதுமின்றியே அடையாளக் கோஷமாகப் பயன்படக்கூடியது. 2011 ஜூலை 22ஆந் திகதி ஒஸ்லோவிலும் உட்டோயா தீவிலும் 77 பேரைக் கொன்றவன் தன்னைக் கிறிஸ்தவ ஐரோப்பாவின் காவலனாகக் காட்டிக்கொண்டான். கொல்லப்பட்டோரிற் பெரும்பாலோர் தொழிற் கட்சியின் இளைஞர் முகாமில் இருந்தவர்கள். அவனுக்குச் சிலுவை எல்லை வேலியாகப் பயன்பட்டது, ஜெபம் தேவைப்படவில்லை. அந்நாட்களில் ஒஸ்லோப் பேராலயத்தின் முன் மலர் வைத்துக் கூடிய மக்களில் எத்தனையோ பேர் விசுவாசிகள் அல்லர். ஆயினும் துயரைப் பொதுவிற் பகிர அவர்கள் தேடிய இடம் அதுவாயிற்று.

மற்றொரு சாத்தியமும் உண்டு. 1993 இல் நாடுகடத்தலை எதிர்நோக்கிய கொசோவோ அல்பானியர் நூற்றுக்கணக்கில் நோர்வேயின் தேவாலயங்களில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பொலிசார் தேவாலயத்துட் புகத் தயங்கினர். சபையார் உணவும் போர்வையும் அளித்தனர். அரச அனுமதியின்றி ஜெபித்த பழைய மரபு, அரச கட்டளையை மீறி விருந்தோம்பும் மரபாக அங்கு மறுபிறப்பெய்தியது. 'நற்செய்திப் பணி' என்ற சொல்லுக்கு, எண்ணிக்கை பெருக்குவதினும் ஆழ்ந்த பொருள் அங்கு கிடைத்தது.

குடியேறியோர் ஜெபத்தின் பொருளாக மாத்திரம் இன்று இல்லை, ஜெபிப்போராகவும் உள்ளனர். போலந்தினர், பிலிப்பைன்ஸ் நாட்டினர், வியட்நாமியர், ஈழத்தமிழர் ஆகியோராலேயே நோர்வேயின் கத்தோலிக்கத் திருச்சபை பெரிதும் வளர்ந்துள்ளது. 1956 வரை இயேசு சபையினர் நுழைவதற்கே தடை விதித்திருந்த யாப்பினைக் கொண்ட நாட்டில் இது நிகழ்கின்றது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஒரே அரச சபையின் ஏட்டில் மிஷனின் இலக்காகப் பதிவான தமிழரின் வழித்தோன்றல்கள், இன்று அவ்வடபுலத்துத் தேவாலயங்களிற் தம் மொழியில் ஜெபிக்கின்றனர். அவர்களுக்கு அக்கூட்டம் வழிபாட்டிடமாக மாத்திரமன்றி, மொழியும் உறவும் செய்தியும் பரிமாறும் களமாகவும் உள்ளது. அதாவது ஜெப வீடு முன்னர் ஆற்றிய பணி, நலன்புரி அரசினால் எட்ட முடியாத ஒரு பகுதியில் மீண்டும் தோன்றியிருக்கின்றது.

இலக்கியத்திலும் இதற்குரிய தடயம் உண்டு. 2023 இல் நோபல் பரிசு பெற்ற யோன் பொஸ்ஸே, மேற்குக் கரையின் பக்திச் சூழலில் வளர்ந்து, பின் கத்தோலிக்கராகியவர். 2019 முதல் 2021 வரை வெளிவந்த ஏழு பகுதிகளைக் கொண்ட அவரது பெரு நாவலில் ஒவ்வொரு பகுதியும் ஜெபத்திலேயே முடிகின்றது. அங்கு ஜெபிப்பவன் தனித்திருக்கும் முதிய ஓவியன். ஹௌகேயின் காலத்தில் கூட்டத்தின் செயலாயிருந்த ஜெபம், இங்கு தனியனின் மூச்சாகச் சுருங்கியிருக்கின்றது. வறுமையை வென்ற சமூகம் தனிமையை வெல்லவில்லை என்பதற்கு இதனை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

7

இதுகாறும் கூறியவற்றால், எழுப்புதலுக்கான ஜெபம் எக்காலத்தும் ஒரே பொருள் தரும் ஒன்றன்று என்பது தெளிவாகும். அது குடியானவனின் கீழ்ப்படியாமையாக இருந்தது. கடனில் மூழ்கிய மேய்ப்பனின் கோபமாக இருந்தது. நகர வணிகரின் ஒழுக்க ஆதிக்கமாகவும் இருந்தது. இன்று அது இழந்த பெருமைக்கான ஏக்கமாகலாம். அடைக்கலம் தேடுவோருக்குத் திறக்கும் கதவாகவும் ஆகலாம். இவற்றுள் எது மேலோங்கும் என்பதை ஜெபத்தின் சொற்கள் தீர்மானிப்பதில்லை. ஜெபிப்போரின் சமூக உறவுகளே தீர்மானிக்கும்.

முற்போக்காளரின் கடமையும் இங்கிருந்தே தொடங்குகின்றது. ஜெபிப்போரை அறியாமையில் உழல்வோராக ஒதுக்குவது அவர்களை அடையாள அரசியலாரின் கையில் விட்டுவிடுவதாகும். கரையோரக் கிராமங்கள் வெறிச்சோடுதல், முதியோரின் தனிமை, வந்தேறியவரின் அந்நியம் ஆகியன உண்மையான துயரங்கள். நலன்புரி அரசு அவற்றுக்குக் கொடுப்பனவு வழங்குகின்றது. ஆனால் கூடி அமர ஓர் இடத்தை வழங்குவதில்லை. ஜெப வீட்டைக் கட்டிய மீனவரும் பின்னற்காரப் பெண்களும் அத்தகைய இடத்தைத் தம் கைகளாலேயே அமைத்துக்கொண்டனர். மதச்சார்பற்ற மக்கள் இயக்கம் ஒன்று அவர்களிடமிருந்து கற்க வேண்டிய பாடம் அதுவேயாகும்.